ஈரத்துணியால் ஒரு தடவை

"அளக்கறதுக்கு முன்னாடி ஈரத்துணியால ஒரு தடவை தொடைச்சுப் பாரேன்."

"எதை?"

"பிலிமைத்தான்."

"தொடைக்கறதுக்கு இது என்ன அடுப்பு மேடையா?"

"விளையாடாதே. பிலிம் மேல சார்ஜ் ஒட்டிக்கிட்டு இருக்கும். அது இருக்கற வரைக்கும் உள்ள இருக்கற சாயம் நிமிர்ந்துதான் நிக்கும். நீ பார்க்கற பச்சை அந்த சார்ஜால வருதா, பிசின் இறுகினதால வருதான்னு தெரிய வேண்டாமா?"

"எனக்குத் தெரியும். நீ போய் அடுப்பைப் பார்த்துக்க. உப்பு உறைப்பு சரியா இருக்கான்னு நான் பார்த்துக்கறேன். சமையல்காரர் பந்தி விசாரிக்க வர வேண்டாம்."

இந்தப் பேச்சு வீட்டுக்குள் நடந்திருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். நடந்தது ஆராய்ச்சிக்கூடத்தின் வாரக் கூட்டத்தில். நீள மேசையைச் சுற்றி அத்தனை பேரும் இருந்தார்கள். அவள் சொல்லி முடித்ததும் மேசையே அதிரும்படி சிரித்தார்கள். யாரோ ஒருவர் தண்ணீர் புரையேறி இருமினார். அவனும் சிரித்தான். காது மடல் சிவக்கச் சிரித்துவிட்டு, "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லி, கையிலிருந்த பேனாவை மூடி வைத்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு 'சமையல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, 'பச்சைக்கொடி'. அவள் சரி என்று சொல்லாமல் எந்த பிலிமும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்பதால் வந்த பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு மெல்லிய பூச்சு. பிசினும் சாயமும் கலந்த கரைசலைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டு வேகமாகச் சுழற்றினால், வெங்காயச் சருகை விட மெல்லியதாகப் படியும். அந்தச் சாயத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால். சும்மா விட்டால் சந்தைக் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும். பூச்சைச் சூடாக்கி இளக்கி, மேலே ஓர் ஊசியைத் தொங்கவிட்டு, அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால், பூச்சின் மேல் மின்னேற்றம், அதாவது சார்ஜ், படிந்து எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பும். அப்படித் திரும்பி நிற்கும்போதே இன்னும் சூடேற்றிப் பிசினை இறுக்கிவிட வேண்டும். இறுகிய பிசினுக்குள் சாயம் அதன்பிறகு அசையாது. அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அனுப்பினால் மறுபக்கம் பச்சை ஒளி வரும். உள்ளே எல்லாம் ஒழுங்காக நிற்கிறது என்பதற்கு அந்தப் பச்சைதான் சாட்சி. நாள்பட மங்காமல் இருந்தால், கண்ணாடி இழைகளில் ஓடும் தகவல் ஒளியை மின்சாரத்தால் ஆட்டிவைக்க அந்த பிலிம் பயன்படும். மங்கிப்போனால் அது வெறும் கலர் கண்ணாடி.

பிசினையும் சாயத்தையும் கலந்து சூடேற்றுவது அவன் வேலை. பச்சையை அளப்பது அவள் வேலை. அந்த வேலையில்தான் பழகினார்கள், காதலித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த வேலையில்தான் பிரிந்தும் போனார்கள்.

அவன் நிதானமாகச் சூடேற்றுகிறவன். அவன் செய்த பிலிம்களில் முதல் நாளே பச்சை கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். "பார்க்கவே சோகை பிடிச்ச மாதிரி இருக்கு" என்று அவள் ஒதுக்கிவிடுவாள். அவளுக்கு வேண்டியது பளிச்சென்ற பச்சை. வோல்ட்டேஜைக் கூட்டி, வேகமாகச் சூடேற்றச் சொல்லி, அப்படி ஒன்று கிடைத்ததும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். வறண்ட காற்றுள்ள கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாராவாரம் அளந்தாள். பச்சை இம்மியும் குறையவில்லை. ஆராய்ச்சிக்கூடத் தலைவர் அவளை எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார். ஒரு பெரிய கம்பெனி, தன் கருவிக்குள் வைத்து மூட அந்த பிலிமைக் கேட்டது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவன் அவளிடம் கோபமாக ஒரு சொல் பேசவில்லை. வெளியூரில் இருக்கும் தகரத் தகடு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னான். இரும்புத் தகட்டில் பெயின்ட் பூசி நீளமான ஓவனுக்குள் அனுப்பிச் சுடுகிற இடம். அங்கேயே தங்க அறையும் தருவார்களாம். கிளம்புகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் கொஞ்ச நேரம் நின்றான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொன்னால் அன்று பேசியது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் ஏற்கெனவே மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவன் போய்விட்டான். அவனை வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்தும் அந்தச் சொல் வெளியே வரவில்லை.

வேலையிடத்தில் யாருக்கும் இது தெரியாது. "வீட்டுக்காரர் வந்தாரா?" என்று கேட்பார்கள். "அங்க வேலை அதிகம்" என்பாள். பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பாதி உண்மையாகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் கட்டடத்தின் ஏசி பழுதாகிவிட்டது. பழுது பார்க்க வந்தவர்கள் கூரைப் பலகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாகம் வாங்கப் போனார்கள். லேசர் அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னலைத் திறந்துதான் வேலை செய்தாள். மேசையில் இருந்த காகிதமெல்லாம் ஈரம் குடித்துச் சொதசொதத்தது. வாராந்தர அளவுக்காகப் பெட்டியிலிருந்து அந்தப் பளிச்சென்ற பிலிமை எடுத்துத் தாங்கியில் மாட்டினாள். இடையில் தலைவர் போனில் கூப்பிட, போய்ப் பேசிவிட்டு வந்து அளந்தாள்.

பச்சை குறைந்திருந்தது.

லேசர்தான் தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த குவார்ட்ஸ் துண்டை மாட்டினாள். அது எப்போதும் போல் இருந்தது. லென்ஸைத் துடைத்தாள். கம்பிகளைக் கழற்றி மாட்டினாள். மறுபடி பிலிமை வைத்தாள். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. வறண்ட பெட்டிக்குள் இருந்தவரை பிலிமின் மேல் ஒட்டியிருந்த சார்ஜ் எங்கும் போக வழியில்லை. இன்று ஈரக்காற்று பட்டதும் அது மெல்ல வழிந்து போகிறது.

பஞ்சுத் துணி ஒன்றை எடுத்து, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். என்னமோ திருடப் போகிறவள் மாதிரி. பிலிமின் மேல் ஒரே ஒரு தடவை துடைத்தாள். காய வைத்தாள். அளந்தாள்.

பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது.

அவமானம் முதலில் காதில்தான் சுடும் போலிருக்கிறது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அந்த நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களெல்லாம் தன்னைப் பார்ப்பது போல் இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில், அவன் கடைசியாகச் செய்து, அவள் ஒதுக்கிவைத்த சோகை பிலிம் கிடந்தது. அதை எடுத்தாள். துடைப்பதற்கு முன் ஓர் அளவு, துடைத்தபின் ஓர் அளவு. இரண்டும் ஒன்றே. ஹாட் பிளேட்டில் நன்றாகச் சூடு காட்டி அளந்தாள். பச்சை மங்கலாக, ஆனால் அசையாமல் நின்றது. கோபமாகத் தேய்த்தாள். மறுபடியும் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். கையில் ஈரத்துணி இருந்ததே நினைவில்லை.

நாளைக்கு ஏசி சரியாகிவிடும். இன்னும் மூன்று நான்கு பளிச்சென்ற பிலிம்கள் வறண்ட பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் வந்து, அளந்து பார்த்து, வாங்கிப் போய்விடுவார்கள். கருவிக்குள் வைத்து மூடியபின் என்றைக்கோ மங்கினால், பசை சரியில்லை, மூடி சரியில்லை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒருவருக்கும் தெரியாது. இந்த யோசனை வந்தது. வந்தது மட்டுமில்லை, உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கூடவே வந்தது. மறுநாள் காலை பல் துலக்கும்போதும் பக்கத்தில் நின்றது.

கடைசியில் தலைவரின் அறைக்குள் நுழைந்தபோது, என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியாது. அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அது ஒடிந்து உள்ளே விழுந்துவிட்டது.

"பார்த்தியா, உன் முகத்தைப் பார்த்ததுமே முங்கிருச்சு. என்ன விஷயம்?"

"அந்த பிலிமைக் கம்பெனிக்குக் குடுக்க வேண்டாம் சார்."

"ஏன்?"

"துடைச்சுப் பார்த்தேன். பாதிக்கு மேல போயிடுச்சு. இத்தனை நாள் நான் அளந்ததெல்லாம் மேல இருந்த சார்ஜைத்தான். பிசின் சரியா இறுகவே இல்ல."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கரண்டியால் பிஸ்கட்டைத் தேடியபடி, "அடச்சே, அன்னிக்கே சமையல் சொன்னாரே!" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதேம்மா. பேரு வாயில பழகிப்போச்சு."

அவள் வைத்த பெயர்தான். அவள் எதைத் தப்பாக எடுத்துக்கொள்வது?

"அவர் செஞ்ச கடைசி பிலிம் ஒண்ணு இருக்கு சார். துடைச்சாலும் நிக்குது, சூடு காட்டினாலும் நிக்குது. மங்கல்தான். ஆனா சாயத்தைக் கொஞ்சம் கூட்டினா போதும்."

"அப்புறம் என்ன? எப்படிச் சூடேத்தினார்னு கேட்டு, அதே மாதிரி செஞ்சுடு. கம்பெனிக்காரங்ககிட்ட நான் தவணை கேக்கறேன். திட்டுவாங்க, வாங்கிக்கறேன். உன் வீட்டுக்காரர்தானே, உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறார்? இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது போன்ல கேளு."

"சரி சார்" என்றாள். சாப்பிடும்போது அவர்கள் போனில் பேசுவார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மேசை அதிரச் சிரித்தவர்களில் இவரும் ஒருவர். ஆனால் இவர் சிரித்துவிட்டு மறந்துவிட்டார். ஒருவரை நோகடிப்பதில் இதுதான் வேடிக்கை. கூடச் சிரித்தவர்களெல்லாம் கைகழுவிக்கொண்டு போய்விடுவார்கள், கறை மட்டும் சொன்னவர் கையில் நிற்கும்.

வீட்டில் அவளுடைய மாமனார் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் வேலைக்காகப் போனபோது கூடப் போகாமல் மருமகளோடு தங்கிவிட்டார். "அவன் சமையல் நல்லா இருக்கும். ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். உன் சமையல் சுமார்தான், சண்டை போடவாவது ஆளிருக்கு" என்று காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகனைப் பார்க்கப் போவார். மாலையில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அவன் உன்னைத்தான் விசாரிச்சான். நேரத்துக்குச் சாப்பிடறாளா, தூங்கறாளான்னு" என்பார். அவள் "ம்" என்பாள். அந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டிவிடுவாள்.

"என்னம்மா, நான் வெங்காயம் நறுக்கறேன், உன் கண்ணுல தண்ணி?"

"ஒண்ணுமில்ல மாமா. நாளைக்கு உங்க பையனைப் பார்க்கப் போறேன்."

கத்தி நின்றது. "யாரு, நீயா?"

"ஆமா."

"எதுக்கு நீ அலையணும்? என்ன சொல்லணும்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை நான் போறேனே, சொல்லிடறேன்."

"ஆபீஸ் விஷயம் மாமா. நீங்க சொன்னா புரியாது."

"எனக்கா புரியாது? எத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன், எத்தனை சேதி கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்! கல்யாணச் சேதி, சாவுச் சேதி..." அவர் நறுக்கிய வெங்காயத்தையே மறுபடி நறுக்கினார். "ஆபீஸ் விஷயம் மட்டும்தானே? வேற எதுவும் பேசிக்க மாட்டீங்களே?"

"வேற என்ன பேசறதுக்கு இருக்கு?"

"அதான் நானும் சொல்றேன். போனோமா, கேட்டோமா, வந்தோமான்னு இருக்கணும். பழசையெல்லாம் கிளறக் கூடாது."

பாவம், இருவரும் மறுபடி சண்டை போட்டுக்கொள்வார்களோ என்று பயப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "கிளற மாட்டேன் மாமா" என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொன்னால் இப்படிப் பதில் சொல்ல வேண்டும். சமையல்காரனைத் தேடி எதுக்கு வந்தே என்று குத்திக்காட்டினால் அப்படிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோது கையில் ஏழெட்டுப் பதில்கள் இருந்தன.

காவலாளி அவள் சொன்ன பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். "பெயின்ட் டாக்டரைத் தேடி வந்தீங்களா? நீங்க?"

"வீட்டுல" என்றாள்.

"அடடே, வாங்கம்மா, வாங்க! உங்க வீட்டுக்காரர் வந்தப்புறம்தான் இங்க தகட்டுல பெயின்ட் உரியறது நின்னுச்சு. முதலாளியே அவர்கிட்டக் கேட்டுத்தான் ஓவனைத் தொடுவார்."

இங்கே டாக்டர். அங்கே அவள் புண்ணியத்தில் சமையல். தலையைக் குனிந்தபடியே காவலாளியின் பின்னால் நடந்தாள்.

உள்ளே காது அடைக்கும் இரைச்சல். வீட்டை விட நீளமான ஓவனுக்குள் தகட்டுச் சுருள் அவிழ்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. கதவைச் சாத்தினால் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அவன் தலைக்கவசத்தைக் கழற்றி, காதில் செருகியிருந்த அடைப்பானை எடுத்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கார். வெங்காயம் நறுக்கறார்."

மூச்சு விட்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"துடைச்சேன்" என்றாள்.

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் எதை என்று கேட்டிருப்பார்கள். அவன் கேட்கவில்லை.

"எவ்வளவு விழுந்துச்சு?"

"பாதிக்கும் கீழ."

"அடடா" என்றான். சொந்தக் கை சுட்டுக்கொண்டதைப் போல முகத்தைச் சுளித்தான். ஜெயித்துவிட்ட களை அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. "எல்லாமேவா? கம்பெனிக்குக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. சொல்லிட்டேன் தலைவர்கிட்ட."

"நல்ல வேளை."

அவள் பஸ்ஸில் தயார் செய்த ஏழெட்டுப் பதில்களுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. "நீ கடைசியா செஞ்சது நிக்குது. எப்படிச் செஞ்சேன்னு கேக்க வந்தேன்" என்றாள்.

அவன் உடனே சொல்ல ஆரம்பித்தான். கையை மேடு மாதிரி ஏற்றி இறக்கிக் காட்டினான். "முதல்ல பிசின் இளகற சூட்டுல நிறுத்து. வோல்ட்டேஜ் குடு. உடனே மேல ஏத்தாதே. பிலிம் வழியா போற கரன்ட்டைப் பார்த்துக்கிட்டே இரு. முதல்ல ஏறும். அப்புறம் ஒரு இடத்துல தானா இறங்க ஆரம்பிக்கும். இறங்குதுன்னா பிசின் இறுக ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம். அப்பதான் சூட்டைக் கொஞ்சம் ஏத்தணும். மறுபடி கரன்ட் ஏறும், மறுபடி இறங்கும். அது இறங்க இறங்க நீ ஏத்து. கடிகாரத்தைப் பார்த்து ஏத்தாதே, மீட்டரைப் பார்த்து ஏத்து. அவசரப்பட்டா சாயம் துள்ளிக் கலைஞ்சுடும், பிசினும் அரைகுறையா நிக்கும்."

"கடைசியில?"

"முழுசா ஆறற வரைக்கும் வோல்ட்டேஜை எடுக்காதே. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ கேக்கல."

குத்திக்காட்டும் தொனியே இல்லாமல் சொன்னான். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

"அன்னிக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நான்..." என்று ஆரம்பித்தாள்.

"விடு. நானும்தானே சிரிச்சேன்."

"நீ சிரிச்சதுதான் தாங்க முடியல."

அவன் தலைக்கவசத்தின் பட்டையை முறுக்கிக்கொண்டிருந்தான். கூச்சத்தோடு, "தேங்க்ஸ்" என்றான்.

"எதுக்கு?"

"வாராவாரம் அப்பாகிட்ட விசாரிச்சு அனுப்பறதுக்கு. போன வாரம் சளி விட்டுச்சான்னு கேட்டியாமே. இங்க ராத்திரி தனியா இருக்கும்போது அதை நினைச்சுப்பேன். இவ்வளவு கோபத்துலயும் கேக்கறாளேன்னு."

அவனுக்குச் சளி பிடித்திருந்ததே அவளுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் எதையும் சொல்லி அனுப்பியதில்லை. இப்போது ஒரு "ம்" சொன்னால் போதும். அவன் முகத்தில் இருக்கும் இந்தச் சின்ன வெளிச்சம் அப்படியே இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. கிளற மாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது.

"நான் கேக்கல" என்றாள்.

"என்னது?"

"உன் சளியைப் பத்தி எனக்குத் தெரியாது. ஒரு வாரம்கூட நான் எதுவும் கேட்டு அனுப்பினதில்ல. கேக்கணும்னு இருக்கும். வாய் வராது. அவரா சொல்லியிருக்கார்."

அவன் முகத்தில் வெளிச்சம் அணைந்ததை அவள் பார்த்தாள். பார்க்காமல் திரும்பிக்கொள்ள உரிமை இல்லை என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்கிட்டயும் வந்து சொல்வார்" என்றாள் மெதுவாக. "நான் சாப்பிடறேனா, தூங்கறேனான்னு நீ விசாரிச்சேன்னு."

அவன் நிமிர்ந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் தயங்கியது தெரிந்தது. பிறகு அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் கேக்கல."

ஓவன் இரைந்துகொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "டிரைவர் வேலை மட்டும் பார்த்தார்னு நினைச்சேன். ரெண்டு பக்கமும் கண்டக்டர் வேலையும் பார்த்திருக்கார் மனுஷன்."

"நேத்து நான் வரேன்னு சொன்னதும் வெங்காயத்தை எப்படி நறுக்கினார் தெரியுமா? இப்பதான் புரியுது."

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அது தீர்ந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவன் தன்னை விசாரித்தான் என்ற நம்பிக்கையில் அவள் ஓட்டிய வாரங்கள் எல்லாம் பொய். அவனுக்கும் அப்படித்தான். இவனுக்கு இன்னும் தன்மேல் கொஞ்சமாவது ஆசை இருக்கிறது என்பதற்கு அவளிடம் இப்போது எந்தச் சாட்சியும் இல்லை. கேட்க வந்த வேலையும் முடிந்துவிட்டது. வேண்டியதை எல்லாம் அவன் கொட்டிக் கொடுத்துவிட்டான். இனி இங்கே நிற்பதற்கு ஒரு காரணமும் பாக்கி இல்லை.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றான் அவன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே மணி அலறியது. ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்ட வேண்டும் என்று அர்த்தம். ஒரு தொழிலாளி கண்ணாடியைத் தட்டி, "டாக்டர்! இங்க வந்து சூட்டைப் பாருங்க!" என்று கையை ஆட்டினார். அவன் அடைப்பானைக் காதில் செருகி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். "பஸ்ஸுக்கு நேரமாயிடும், நீ கிளம்பு. அப்பாவைத் திட்டாதே" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனான்.

அவள் வாசலுக்குப் போகும் பக்கம் இரண்டடி வைத்தாள். பிறகு திரும்பி அவன் பின்னாலேயே நடந்தாள். ஓவனின் வாயருகே அனல் முகத்தில் அடித்தது. புதுச் சுருளை நான்கைந்து பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லச் சொன்னாள். இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பினான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயன்றான். புரியவில்லை. ஒரு பக்கத்து அடைப்பானை எடுத்துக் காதை நீட்டினான். "என்ன? பிலிமா?" என்று கத்தினான். தொழிலாளிகள் எல்லோரும் தகட்டைப் பிடித்தபடி அவர்களையே பார்த்தார்கள். அவள் முகம் பற்றி எரிந்தது. எல்லோர் காதிலும் விழாமல் இதைச் சொல்ல வழியே இல்லை.

விழட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினாள்.

"பிலிமுக்காக இல்ல! உன் அப்பாவும் சொல்லல! நானே கேக்கறேன், வீட்டுக்கு வந்துடு!"